முள் குத்தியவருக்கும் ஓர் உறை

ஓடைக்காட்டூர் மலையடிவாரத்தில் ஒரு வைத்தியசாலை. அங்கே சம்பூர்ணம் என்று ஒரு சித்த வைத்தியர். வயது நாற்பத்திரண்டு. கைநாடியில் மூன்று விரலை வைத்தால் போதும், வந்தவர் காலையில் என்ன சாப்பிட்டார், யாரோடு சண்டை போட்டார் என்பது வரை தெரிந்துவிடும் என்று ஊரில் பேச்சு. தெரியும். சொல்லத்தான் மாட்டார்.

அவரிடம் சீடராகச் சேர்ந்தவர் சென்னிமலை. வயது அறுபத்துமூன்று. முப்பத்தாறு வருஷம் அதே ஊரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டுவலி என்று வைத்தியத்துக்கு வந்தார். வலி போய்விட்டது, அவர் போகவில்லை. "எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கம்மா" என்று உட்கார்ந்துவிட்டார்.

சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை அண்ணா என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

அந்த வைத்தியசாலையில் ஒரு வழக்கம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை உண்டு. நோயாளி எழுந்து போனதும் அட்டையைக் காக்கி உறையில் போட்டு, உறையின் வாயை மைதாப் பசையால் ஒட்டி அலமாரியில் வைத்துவிட வேண்டும். அடுத்த முறை அவர் வரும்போது அவர் கண்ணெதிரே கிழிக்க வேண்டும். போனபிறகு மறுபடி புது உறை, மறுபடி பசை.

சேர்ந்த முதல் வாரமே சென்னிமலை கேட்டார்.

"அம்மா, இவருக்குக் காலில் முள் குத்தியிருக்கு. அவ்வளவுதான். இதுக்குமா உறை?"

"ஒட்டுங்கண்ணா."

"இந்தப் பாட்டிக்கு வெறும் சளிங்க."

"அதையும் ஒட்டுங்க."

ஒட்டினார். ஆனால் மனசு ஒட்டவில்லை. சாணி மிதிச்சவனுக்கும் சந்தனப் பெட்டியா என்று பசைக் கிண்ணத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டார்.

இப்படி ஏழு வருஷம் போனது.

ஒரு ஆனி மாசம் அலமாரியின் அடித்தட்டைக் கரையான் பிடித்துவிட்டது. இழுத்துப் பார்த்தால் இருநூறு உறை மண்ணாக உதிர்ந்தது. குரு அந்த மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு வெகுநேரம் நின்றார். மறுவாரமே கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார்.

ஈரோட்டிலிருந்து ரெஹானா என்று ஒரு பெண் வந்து இரண்டு நாள் தங்கிச் சொல்லிக் கொடுத்தாள். பேரைப் பதிவது எப்படி, டோக்கன் போடுவது எப்படி, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வேறு இடத்தில் வைப்பது எப்படி என்று பொறுமையாகச் சொன்னாள். நகல் ஒரு சின்ன பென் டிரைவில் ஏறியது. அது குருவின் வீட்டுப் பீரோவுக்குப் போனது.

"கரையான் இனிமே இரும்பைத்தான் தின்னணும்" என்றார் சென்னிமலை.

ரெஹானா அவருக்கென்று ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னாள். வைத்தார். மறந்துவிடுமே என்று அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கம்ப்யூட்டர் திரையின் ஓரத்திலேயே ஒட்டினார். குரு அந்தப் பக்கம் வந்தவர் சீட்டை மெல்லப் பிய்த்தார். ஓர் உறையில் போட்டார், பசை தடவினார், சீடரின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சென்னிமலை அன்றைக்கே அதை மனப்பாடம் செய்து, உறையை அடுப்பில் போட்டார்.

"எங்கேயிருந்து ஆரம்பிக்கட்டுங்கம்மா?" என்று கேட்டார். ஆறாயிரம் அட்டை இருந்தது.

"கரையானுக்குப் பக்கத்துல இருக்கிறதுல இருந்து."

அடித்தட்டிலிருந்து ஆரம்பித்தார். நோயாளிகளை வரச் சொல்லி, அவர்கள் சம்மதம் கேட்டு, கண்ணெதிரே உறையைக் கிழித்து, ஒவ்வொன்றாக ஏற்றினார். வர முடியாதவர்களிடம் குருவே போய்க் கேட்டு வந்தார்.

அங்கேதான் சென்னிமலைக்கு முதல் திகைப்பு. இந்த ஊரில் தனக்குத் தெரியாத வீடு கிடையாது என்று முப்பத்தாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மோர் கொடுப்பார்கள் என்பது வரை அத்துப்படி. இதுவரை ஒட்ட மட்டுமே செய்த அட்டைகளை இப்போது ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, தான் பார்த்ததெல்லாம் வாசற்படி மட்டுந்தான் என்று தெரிந்தது. தெருவில் சிரித்துக்கொண்டே போகிறவர் ஐந்து வருஷமாகத் தூங்கவில்லை. ஊரையே அதட்டுகிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இந்த நாற்காலியில் அழுதிருக்கிறார். இத்தனையும் குருவின் குண்டுக் கையெழுத்தில் இருந்தன. இத்தனையையும் தெரிந்து வைத்துக்கொண்டு அந்த அம்மாள் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கேட்டார். "இதெல்லாம் உள்ள வச்சிருக்க எப்படிங்கம்மா முடியுது?"

"எது அண்ணா?" என்றார் குரு.

கடைசி நாள் ரெஹானா ஒன்று கேட்டிருந்தாள்.

"ஐயா, இதுல ஒரு பூட்டு இருக்குங்க. போட்டுட்டா பேருக்குப் பக்கத்துல சின்னதா பூட்டுப் படம் வரும். வைத்தியரம்மா பாஸ்வேர்டு போட்டாத்தான் அட்டை திறக்கும். ஒரே அழுத்துல எல்லாருக்கும் போட்டுடலாம். போடட்டுமா?"

"எல்லாருக்கும் எதுக்கும்மா? முள்ளு குத்தினவனுக்கும் பூட்டா? தேவைப்பட்டவங்களுக்கு மட்டும் நான் போட்டுக்கறேன்."

குருவிடம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. ஏற்றும்போதே பொறுக்கினார். யாருடைய விஷயம் வெளியே போனால் குடி கெடுமோ அவர்களுக்கெல்லாம் பூட்டுப் போட்டார். மொத்தம் நாற்பத்தொரு பேர். ஒவ்வொரு பூட்டையும் போடும்போது, ஒரு குழந்தைக்குப் போர்த்திவிடுவது போல அவருக்கு மனசு நிறைந்தது.

"பூட்டெல்லாம் போட்டாச்சா அண்ணா?" என்றார் குரு.

"போட்டாச்சுங்கம்மா."

அது ஒரு திங்கட்கிழமை. கூடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொங்கியண்ணன் நொண்டிக்கொண்டே வந்தார். சென்னிமலையோடு தபால் ஆபீசில் வேலை பார்த்தவர், நெருங்கின சிநேகிதர். கருவேல முள் ஏறிக் குதிகால் பழுத்திருந்தது. மூன்றாவது நாளாகக் கட்டு மாற்ற வருகிறார்.

மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, ஊரையே இதுக்குள்ள அடைச்சுட்டியாமே?"

"அடைச்சாச்சு மச்சான்."

"எங்க, ஒரு ஆளைக் காட்டு பாக்கலாம்."

"அதெல்லாம் காட்டக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே சென்னிமலை அடுத்த டோக்கனுக்கு உரிய கோதைநாயகி பேரைத் தேடினார். 'கோ' என்று தட்டியதும் ஏழெட்டுப் பேர் வரிசையாக வந்தது. நடுவில் கோகிலவாணி. அந்தப் பேருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னப் பூட்டு.

பொங்கியண்ணனின் விரல் திரைக்கு வந்துவிட்டது.

"அதென்ன, இந்தப் புள்ளைக்கு மட்டும் பூட்டு?"

கோகிலவாணி தெற்கு வீதிப் பெண். பொங்கியண்ணனின் தங்கை மகனுக்குத்தான் பேசி முடித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நிச்சயம்.

"அது... கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வரும்."

"மத்த ஏழு பேருக்கு வரலையே? எம் பேரைத் தட்டு பாக்கலாம், வருதான்னு."

சென்னிமலை திரையைத் தன் பக்கம் திருப்பினார். திருப்பியது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

"மாப்ள." பொங்கியண்ணன் குரல் இறங்கியது. "வெள்ளிக்கிழமை அவங்க வீட்ல கை நனைக்கப் போறோம். எந் தங்கச்சிக்கு ஒரே பையன். முழுசா ஒண்ணும் கேக்கலை. ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைன்னு சொல்லு. போதும்."

சென்னிமலை டோக்கன் சீட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

"நீ வாயத் திறக்காததே சொல்லுதேப்பா" என்று பொங்கியண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"மச்சான், இரு. முதல்ல கட்டு மாத்திக்க. ஒரு நிமிஷம் இரு. எனக்காக."

சென்னிமலை உள்ளே ஓடினார். மூட்டுவலி இருந்த காலத்தில் ஓடியிருக்க மாட்டார்.

குரு எண்ணெய் வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு பொண்ணோட கல்யாணத்தைக் கெடுத்துட்டேங்க."

"யாருன்னு சொல்லாதீங்க. என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னார். நாற்பத்தொரு பூட்டையும் சொன்னார். தான் கேட்காமல் செய்ததையும் சொன்னார்.

குரு எண்ணெயைப் பார்த்தபடியே கேட்டார். "அண்ணா, ஒரு தெருவுக்கு முப்பது கார்டு கொண்டு போறீங்க. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் அரக்கு வச்ச கவர். அன்னைக்குத் தெருவுல எந்த வீட்டைப் பத்திப் பேசுவாங்க?"

"கவர் வந்த வீட்டைத்தாங்க."

"பிரிச்சுப் பாத்துட்டா பேசுவாங்க?"

சென்னிமலை அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். முப்பத்தாறு வருஷம் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த தெருக்களெல்லாம் கண்ணில் வந்துபோயின. கவர் வந்த வீட்டு வாசலில் கூடின தலைகளும் வந்துபோயின.

"பிரிக்காமத்தாங்கம்மா பேசுவாங்க" என்றார். பிறகு, "போய் அந்தப் பூட்டை எடுத்துடட்டுங்களா?"

"எடுத்தா, பாத்த கண்ணு மறந்துடுமா?"

குரு எழுந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கட்டுத் துணியையும் களிம்பையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். பொங்கியண்ணன் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டார்.

"அண்ணா, பூட்டு வேலை பாதியில நிக்குதே. முடிச்சுடுங்க. முன்னால இருக்கிறவர்கிட்ட இருந்து ஆரம்பிங்க."

சென்னிமலை உட்கார்ந்தார். பொங்கியண்ணன் என்று தட்டினார். ஒரு அழுத்து. பேருக்குப் பக்கத்தில் பூட்டு வந்து உட்கார்ந்தது.

"திரையை அவர் பக்கம் காட்டுங்க."

காட்டினார். பொங்கியண்ணன் பார்த்தார். கூடத்தில் இருந்தவர்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, எனக்கு எதுக்குங்க பூட்டு?"

"இருக்கட்டுங்க."

"எனக்கு என்னங்க சீக்கு? வெறும் முள்ளு!"

"எனக்குத் தெரியும்ங்க."

"உங்களுக்குத் தெரியும். பாக்கிறவங்களுக்குத் தெரியுமா? பெரிசா என்னமோ இருக்குன்னுல்ல நினைப்பாங்க? இதா, இந்த மாராயக்கா வாய்க்குப் போனா பொழுது சாயறதுக்குள்ள சந்தை வரைக்கும் போயிடுமே!"

"நான் என்னத்தப்பா சொன்னேன்?" என்றார் மூலையிலிருந்த மாராயக்கா. "உனக்கு உள்ளுக்குள்ள என்னமோ இருக்குன்னு நான் எப்பவோ நினைச்சேன்."

கூடமே சிரித்தது. பொங்கியண்ணன் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"மாப்ள, எடுத்துடுப்பா அதை. கண்ணு முன்னால ஒரு மனுசனை இப்படி..."

பாதியில் நின்றுவிட்டார்.

குரு தலை நிமிரவில்லை. பழைய கட்டைப் பிரித்தார். சீழைத் துடைத்தார். பொங்கியண்ணன் ஒரு கையில் பிடித்திருந்த போனைப் பார்த்தார். திரையில் தங்கையின் பேர் இருந்தது.

"அண்ணா, எல்லாருக்கும் ஒரே அழுத்துல போடலாம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சாமே?"

"ஆமாங்கம்மா."

"போடுங்க. என் பேருக்கும் சேர்த்து. உங்களுதுக்கும்."

சென்னிமலை அழுத்தினார்.

திரை ஒரு கணம் வெள்ளையாக நின்றது. பிறகு மேலேயிருந்து பூட்டுகள் இறங்க ஆரம்பித்தன. ஒரு பேர், ஒரு பூட்டு. அடுத்த பேர், அடுத்த பூட்டு. அவர் பக்கத்தைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன, வாசல் நிறைய வைத்த கோலப் புள்ளிகள் மாதிரி. ஆறாயிரம் பேர். சளிக்கு வந்த பாட்டி, தேள் கொட்டின மேஸ்திரி, மாராயக்கா, வைத்தியரம்மா, தபால்காரர் சென்னிமலை. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள்.

அவர் தாமே பார்த்துப் பார்த்துப் போட்ட நாற்பத்தொரு பூட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. அங்கேதான் எங்கேயோ இருந்தன. எது எது என்று இனி யாருக்கும் தெரியாது. அவர் கண்ணுக்கே தெரியவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தட்டுத் தட்டாக, கிழித்த வாய் உள்பக்கம் திரும்ப, ஒரே நிறத்தில், ஒரே மாதிரிக் காக்கி உறைகள் மோட்டுவளை வரை நின்றன. ஏழு வருஷமாகத் தினம் பார்த்த அலமாரிதான். இன்றைக்குத்தான் பார்த்தார்.

குரு புதுக் கட்டைக் கட்டி முடிச்சுப் போட்டார்.

"மூணு நாளைக்கு ஈரம் படாம பாத்துக்குங்க."

பொங்கியண்ணன் காலைக் கீழே வைத்தார். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். வாசல் வரைக்கும் நொண்டிப் போனவர், திரும்பி மேஜைக்கே வந்தார்.

"மாப்ள."

"சொல்லு மச்சான்."

"எனக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி எடுத்துட்டு வரலை. காலையிலிருந்து உன் டப்பாவுல எனக்கு ஒரு எழுத்தும் தெரியலை."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது.

வெள்ளிக்கிழமை நிச்சயம் நடந்தது. சென்னிமலைக்கும் அழைப்பு வந்தது. போனார். பந்தியில் பொங்கியண்ணன்தான் அவருக்குப் பாயசம் ஊற்றினார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் கோகிலவாணி வைத்தியசாலைக்கு வந்தாள். கூடவே மாப்பிள்ளைப் பையனும் வந்தான். டோக்கன் போடும்போது சென்னிமலை பையனைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். கை தயங்கியது.

"தபால் மாமா, இவரு வெளியில உட்கார வேண்டாங்க" என்றாள் கோகிலவாணி. "இவருக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே கிணத்தடியில வச்சு நானே சொல்லிட்டேன்."

பையன் தலையைச் சொறிந்தான். "நான் மாத்திரை ஞாபகப்படுத்தற ஆளுங்க" என்றான்.

இருவரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. அவளுக்கு என்ன என்பது அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிறது. நமக்கு வேண்டாம்.

அன்று நோயாளிகள் எல்லாரும் போனபின், சென்னிமலை பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அலமாரி முன்னால் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் ஏற்றின பழைய அட்டைகள் இன்னும் அந்தக் கிழிந்த உறைகளிலேயே இருந்தன. ஒவ்வொன்றையும் புது உறையில் போட்டு ஒட்ட ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை. பொங்கியண்ணன் உறையை ஒட்டும்போது ஓரம் பிரியாமல் இரண்டு தடவை நீவிவிட்டார்.

குரு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் ஓர் உறையை எடுத்துப் பசை தடவினார்.

கொஞ்ச நேரம் இருவரும் ஒட்டினார்கள்.

"அம்மா."

"சொல்லுங்கண்ணா."

"ஏழு வருஷத்துக்கு முன்னால நான் கேட்டேன். முள்ளு குத்தினவருக்கு எதுக்கு உறைன்னு. அன்னைக்கே காரணத்தைச் சொல்லியிருந்தா, இத்தனையும் நடந்திருக்காதுங்களே. ஏன் சொல்லலை?"

குரு உறையின் வாயை மடித்து, விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தினார்.

"சொல்லியிருந்தா, 'யாருக்காகங்கம்மா இப்படி ஒட்ட ஆரம்பிச்சீங்க'ன்னு அடுத்து கேட்டிருப்பீங்க."

சென்னிமலை வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அடுத்த உறையை எடுத்தார்.